டிக் சத்தம் கட்டளை அல்ல: நாய்க்குப் பொருள் எடுத்துவரப் பழக்குதல்

அமுக்கினால் டிக் என்னும் சின்னக் கருவியான கிளிக்கரை நாயின் மூஞ்சிக்கு நேரே நீட்டி, டிவி ரிமோட்டை அமுக்குவதுபோல் நாலு தரம் அமுக்கிப் பார்த்துவிட்டு, “இது சரிவராது” என்று லாச்சிக்குள் போட்டவர்கள் நிறையப் பேர். இன்னொரு பக்கம், “தீனியைக் காட்டினால்தான் கேட்கும் என்றால் அது லஞ்சம்தானே” என்பவர்கள். இரண்டு தரப்பும் பிசகுவது ஒரே இடத்தில்தான்: டிக் என்ற அந்தச் சத்தம் நாயிடம் என்ன சொல்கிறது என்பதில். அது விளங்கிவிட்டால், எறிந்த பொருளை எடுத்துவந்து கையில் தரும் வேலையை லாப்ரடோருக்கு மட்டுமல்ல, லயத்து வாசலில் சுருண்டு படுத்திருக்கும் நாட்டு நாய்க்கும் பழக்கலாம்.

## பஸ் மணியும் கொழுந்து நிறுவையும்

பஸ்ஸில் கொண்டக்டர் ஒரு மணி அடித்தால் டிரைவர் நிறுத்துகிறார், இரண்டு மணி அடித்தால் எடுக்கிறார். அந்த மணி இனிமேல் செய்ய வேண்டியதைச் சொல்கிறது. கிளிக்கரும் அப்படித்தான் என்று நினைப்பதில்தான் முதல் பிழை தொடங்குகிறது.

தேயிலைக் கொழுந்து நிறுக்கும் இடத்துக்கு வாருங்கள். சாக்கு தராசில் தொங்குகிறது. நிறையைப் பார்த்துப் பதிகிறார்கள். சம்பளம் கைக்கு வருவது பிறகுதான். ஆனால் எந்தக் கொழுந்துக்குக் காசு என்பது அந்தப் பதிவோடு முடிந்துவிட்டது. டிக் சத்தம் அந்தப் பதிவைப் போன்றது. “இந்த நொடியில் நீ செய்தாயே, அதற்குக் கூலி உண்டு” என்கிறது. பஸ் மணி வரப்போவதைப் பற்றிப் பேசுகிறது. டிக், நடந்து முடிந்ததைப் பற்றிப் பேசுகிறது. மனிதர் மாத முடிவுவரை பொறுப்பார், நாய் பொறுக்காது. டிக் கேட்டு ஒன்றிரண்டு நொடிக்குள் தீனி வாய்க்குப் போய்விட வேண்டும்.

சரியான நொடியைச் சுட்டும் இந்தச் சத்தத்தைக் குறியொலி என்போம். கிளிக்கர் என்பது குறியொலி எழுப்பும் ஒரு கருவி, அவ்வளவுதான். வளைந்த எஃகுத் தகடு ஒன்றை அமுக்கினால் அது சட்டென்று மறுபக்கம் மடங்கி டிக் என்கிறது.

வாயால் “நல்ல பிள்ளை” என்று சொன்னால் போதாதா? சொல்லி முடிக்க ஒரு நொடிக்கு மேல் ஆகும். அதற்குள் நாய் பொருளைத் துப்பிவிட்டு உட்கார்ந்திருக்கும். பாராட்டு உட்கார்ந்ததற்குப் போய்ச் சேரும். குரலில் கோபமும் களைப்பும் கலக்கும். கிளிக்கருக்கு மனநிலை கிடையாது.

லஞ்சம் என்ற பேச்சுக்கும் இதிலேயே பதில் இருக்கிறது. வேலைக்கு முன் காட்டினால் லஞ்சம், வேலைக்குப் பின் கொடுத்தால் கூலி. ஆகவே தீனி நாயின் கண்ணுக்குப் படாமல் இருக்க வேண்டும்.

இதுவரை வந்ததைச் சுருக்கினால்: டிக் என்பது கூப்பிடுவதற்கோ ஏவுவதற்கோ அல்ல. செய்த வேலையின் சரியான நொடியைக் குறிப்பதற்கு. ஒவ்வொரு டிக்குக்கும் ஒரு தீனி.

## இது எங்கிருந்து வந்தது

ரஷ்ய உடலியல் அறிஞர் இவான் பாவ்லோவ், சமிபாடு பற்றிய ஆய்வுக்காக 1904இல் நோபல் பரிசு பெற்றவர். தீனிக்குச் சற்றுமுன் ஒரு சத்தத்தைத் திரும்பத் திரும்பக் கேட்கவைத்தால், பிறகு சத்தம் மட்டும் கேட்டாலே நாய்க்கு எச்சில் ஊறுகிறது என்று காட்டினார். அர்த்தமில்லாத டிக், அர்த்தமுள்ளதாக மாறுவது இந்த வழியில்தான். அமெரிக்க உளவியலாளர் பி. எஃப். ஸ்கின்னர் இன்னொரு பாதியைத் தந்தார்: நல்ல விளைவு தரும் செயலை விலங்கு திரும்பச் செய்யும். அவரிடம் படித்த மரியன் பிரலண்டும் கணவர் கெல்லர் பிரலண்டும் 1940களிலேயே இதை ஆய்வுகூடத்துக்கு வெளியே கொண்டுவந்து தொழிலாகச் செய்தார்கள். ஹவாயில் டொல்பின்களை விசிலால் பழக்கிய கேரன் பிரையர் போன்றவர்களால், 1990களில் கிளிக்கர் நாய் வளர்ப்பவர்களிடையே பரவியது. டொல்பினுக்குக் கழுத்துப் பட்டி போட்டு இழுக்க முடியாது; விரும்பினால்தான் அருகே வரும். இழுக்காமல் பழக்கும் முறை கடல் விலங்குகளிடம் வேரூன்றியதில் ஆச்சரியமில்லை.

## கையில் இருக்க வேண்டியவை

கிளிக்கர் கிடைக்காவிட்டால் அமுக்குப் பேனை போதும். ஜாம் போத்தல் மூடியின் நடுவே மேடாக இருக்கும் பகுதியை அமுக்கினாலும் நல்ல டிக் வரும். சத்தம் ஒவ்வொரு முறையும் ஒரே மாதிரி இருப்பதுதான் முக்கியம். வாய்ச் சொல்தான் வேண்டும் என்றால் “சரி” வேண்டாம். அந்தச் சொல்லை நாம் போனில் பேசும்போதே நிமிடத்துக்கு நாலு தரம் சொல்கிறோம். “டிக்” என்றே சொல்லலாம்.

தீனி: உப்பும் மிளகாயும் சேர்க்காமல் அவித்த கோழி இறைச்சி, ஈரல், முட்டை. அரை கிராம் அளவாக நறுக்குங்கள். 100 கிராம் இறைச்சியில் 200 துண்டு வரும். நாய் மெல்லாமல் ஒரே விழுங்கில் முடிக்கும் அளவு அதுதான். பெரிதாகக் கொடுத்தால் மென்று, தரையில் சிந்தியதைத் தேடி, எதற்காகக் கிடைத்தது என்பதையே மறந்துவிடும். பழக்கத் தீனி அன்றாட உணவில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது. 10 கிலோ நாய் ஒன்றுக்கு ஒரு நாளைக்கு ஏறத்தாழ 600 கிலோகலோரி தேவை. 60 கோழித் துண்டு 50 கிலோகலோரி அளவில் நிற்கும். நெத்தலிக் கருவாட்டை நாய்கள் விரும்பும், ஆனால் உப்பு அதிகம். வெங்காயம், திராட்சை, முந்திரிகை வற்றல், சொக்லேட் நாய்க்கு நஞ்சு. குழம்பில் கிடந்த கோழித் துண்டைக் கழுவிக் கொடுப்பதும் வேண்டாம், அதில் வெங்காயச் சாறு ஏறியிருக்கும்.

எடுக்க வேண்டிய பொருள்: ஒரு சாண் நீள மரக்கட்டையில் பழைய துவாயைச் சுற்றி இறுக்கிக் கட்டியது. வாயில் கொள்ள வேண்டும், தொண்டைக்குள் போகக் கூடாது. கல் பல்லை உடைக்கும். மெல்லிய குச்சி வாயின் மேலண்ணத்தில் குத்தும். செருப்பை வைத்துத் தொடங்கினால், வாசலில் கிடக்கும் எல்லார் செருப்பும் அதற்கு விளையாட்டுப் பொருளாகிவிடும். அயல் வீடுகளோடு சண்டை வளர்க்க இதைவிடச் சுலபமான வழி இல்லை.

நான்கு முதல் ஆறு மாதக் குட்டிக்குப் பால் பல் விழுந்துகொண்டிருக்கும், கவ்வ வலிக்கும். அந்தக் காலத்தில் மூக்கால் தொடுவதோடு நிறுத்திக்கொள்ளலாம். வாயோடு வேலை என்பதால் விசர் நோய்த் தடுப்பூசி போட்டிருக்கிறதா என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

## சத்தத்துக்குச் சார்ஜ் ஏற்றுதல்

முதல் நாள் நாய் எதுவும் செய்யத் தேவையில்லை. காம்பராக் கதவைச் சாத்திவிட்டு, டிக், உடனே தீனி. சற்று இடைவெளி. மறுபடியும் டிக், தீனி. பதினைந்து தரம். இதைத்தான் கிளிக்கரைச் சார்ஜ் பண்ணுவது என்கிறார்கள்.

இங்கே ஒழுங்கு முக்கியம். முதலில் டிக், அதன் பிறகே கை தீனிப் பைக்குப் போக வேண்டும். இரண்டும் ஒன்றாக நடந்தால் நாய் கையைத்தான் பார்க்கும், சத்தம் காதிலேயே ஏறாது. பலருக்குக் கிளிக்கர் “வேலை செய்யாமல்” போவது இந்த ஒரு பழக்கத்தால்தான்.

சார்ஜ் ஏறியதா என்று பார்க்க, நாய் வேறெங்கோ பார்க்கும்போது ஒரு டிக். வெடுக்கென்று தலை திரும்பினால் முடிந்தது. சத்தத்துக்குப் பயந்து பின்வாங்கினால் கிளிக்கரைத் துவாயில் சுற்றியோ சட்டைப் பைக்குள் வைத்தோ அமுக்குங்கள். காதருகே ஒருபோதும் வேண்டாம்.

## ஒரு வேலை அல்ல, பல வேலைகள்

“எடுத்துவா” என்பது நமக்கு ஒரு சொல். நாய்க்கு அது நீண்ட சங்கிலி: பொருளைப் பார், அதனிடம் போ, வாயைத் திற, கவ்வு, தூக்கு, கவ்வியபடியே திரும்பு, நட, கையில் விடு. பந்தைத் தூர எறிந்து பழக்கத் தொடங்குபவர்கள் இந்த எட்டையும் ஒரே நாளில் கேட்கிறார்கள். பல நாய்கள் துரத்தும் வரை சரியாகச் செய்யும். மீதியை யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை.

இதற்கு இரண்டு வழிமுறைகள் கைகொடுக்கின்றன. முதலாவது படிப்படியாக உருவாக்குதல்: வேண்டிய செயலுக்குக் கொஞ்சம் கிட்ட வந்தாலே கூலி கொடுத்து, பிறகு இன்னும் கிட்ட வந்தால் மட்டும் கொடுப்பது. இரண்டாவது கடைசியிலிருந்து கோத்தல்: சங்கிலியின் கடைசிக் கண்ணியை முதலில் பழக்கிவிட்டு, முந்தியதை ஒவ்வொன்றாகச் சேர்ப்பது. திருக்குறளை மனப்பாடம் செய்யும் பிள்ளை தொடக்கத்தை உரக்கச் சொல்லி, கடைசிச் சீரில் முனகுவதைக் கண்டிருப்பீர்கள். கடைசிச் சீரிலிருந்து படித்தால், சொல்லச் சொல்லத் தெரிந்த இடத்தை நோக்கித்தான் போவோம். நாயும் அப்படித்தான். கையில் விடும் இடம் அதற்கு நன்றாகத் தெரிந்த, கூலி கிடைக்கும் இடம். எங்கே தொடங்கினாலும் அதை நோக்கி ஓடிவரும்.

சுருக்கமாக: கவ்வுவதைப் படிப்படியாக உருவாக்குகிறோம், கையில் தருவதை முதலில் பழக்கித் தூரத்தைக் கடைசியில் சேர்க்கிறோம். எறிவது ஆகக் கடைசி.

## பழக்கும் வரிசை

ஒரு தடவைக்கு மூன்று நிமிடம், நாளுக்கு இரண்டு தடவை போதும். நிமிடத்துக்குப் பத்து டிக்காவது விழ வேண்டும். விழவில்லை என்றால் நாம் கேட்பது கூடிவிட்டது என்று அர்த்தம்.

கட்டையை முதுகுக்குப் பின்னால் ஒளித்து வைத்து, சட்டென்று நாயின் மூக்குக்கு நாலு விரல் தூரத்தில் காட்டுங்கள். பார்த்தால் டிக். மோந்தால் டிக். தீனி கொடுக்கும்போது கட்டையை மீண்டும் ஒளியுங்கள். கண்முன்னே கிடந்தால் அலுத்துவிடும்.

மூக்கால் தொடுவது பத்துக்கு எட்டுத் தரம் நடந்தவுடன், தொட்டதற்கு டிக் கொடுக்காதீர்கள். இந்த இடத்தில்தான் புதியவர்கள் பதறுவார்கள், நாய் குழம்புகிறதே என்று. குழாயில் தண்ணீர் வராவிட்டால் நாம் விட்டுவிட்டுப் போவதில்லை. இன்னும் இரண்டு சுற்றுத் திருகுகிறோம், தட்டிப் பார்க்கிறோம். வழக்கமான கூலி நின்றதும் நாயும் அதையே செய்யும்: வேகமாக முட்டும், நக்கும், வாயைத் திறக்கும். வாய் திறந்து பல் துவாயில் பட்ட அந்தக் கணம் டிக். இரண்டு மூன்று தரம் இது விழுந்துவிட்டால் நாய்க்குப் பிடிபட்டுவிடும். ஆனால் ஐந்தாறு முறை முட்டியும் வாய் திறக்கவில்லை என்றால், மூக்குத் தொடலுக்கே திரும்பி இரண்டு கூலி கொடுத்துவிட்டு மறுபடி முயலுங்கள். வெறும் கையோடு நிறுத்தினால் நாய் எழுந்து போய்விடும்.

அடுத்தது கவ்விப் பிடித்திருத்தல். அரை நொடி, ஒரு நொடி, இரண்டு நொடி. நேரத்தை ஏற்றிக்கொண்டே போகாமல் நடுவில் இறக்கவும் வேண்டும்: ஒன்று, இரண்டு, ஒன்று, மூன்று என்று. வேலை கூடிக்கொண்டே மட்டும் போனால் யாருக்கும் கசக்கும். டிக் கேட்டதும் நாய் பொருளை விட்டுவிடும். அது பிழையல்ல, டிக் என்றால் வேலை முடிந்தது. வாயில் இருக்கும்போதே டிக் வர வேண்டும், விழுந்த பிறகு அல்ல.

மூன்று நொடி பிடிக்க வந்ததும், நாயின் தாடைக்குக் கீழே உள்ளங்கையை விரியுங்கள். விழும் கட்டை கையில் விழட்டும். இனி டிக் கட்டை கையைத் தொடும் நொடிக்கு மாறுகிறது. தரையில் விழுந்தால் டிக் இல்லை, திட்டும் இல்லை, மறுபடி காட்டுங்கள். பிறகு கையை ஒரு சாண் தள்ளி வையுங்கள், நாய் கழுத்தை நீட்டித் தரும். ஒரு அடி பின்வாங்குங்கள், ஒரு எட்டு வைத்துத் தரும்.

இது உறுதியானதும் கட்டையைத் தரைக்குக் கொண்டுவரலாம். கையிலிருந்து எடுப்பதும் தரையிலிருந்து எடுப்பதும் நாய்க்கு வேறு வேறு வேலை. ஆகவே முதலில் கட்டையைத் தரையில் வைத்து அதன் மேல் விரலை வைத்திருங்கள், அடுத்து விரலை எடுங்கள், அடுத்து ஒரு அடி தள்ளி வையுங்கள். பிறகு இரண்டு மீற்றர். அதற்கும் பிறகுதான் மெதுவாக எறிவது.

எப்போது அடுத்த படிக்குப் போவது? பத்தில் எட்டுச் சரி என்றால் ஏறலாம், ஐந்துக்குக் கீழே போனால் இறங்க வேண்டும். நடுவில் நின்றால் அங்கேயே இன்னொரு தடவை.

## சொல் எப்போது

“எடு” என்ற சொல்லை நாய் செய்யத் தெரிந்த பிறகே சேர்க்க வேண்டும். தெரியாத வேலைக்குச் சொல்லை முதலில் சொன்னால், சொல்லுக்கு அர்த்தம் “சும்மா நில்” என்றாகிவிடும். கட்டையை நோக்கி நாய் புறப்படப் போகும் கணத்துக்குச் சற்று முன் ஒரே ஒருதரம் சொல்லுங்கள். வீட்டில் எல்லாரும் ஒரே சொல்லைப் பாவிக்க வேண்டும். தாத்தா “கொண்டா” என்றும், பிள்ளை “ஃபெட்ச்” என்றும், அடுத்த வீட்டு நண்பன் சிங்களத்தில் ஒன்றும் சொன்னால் நாய்க்கு மூன்று மொழி வாத்தியார் வேண்டியிருக்கும்.

## சரிவான நிலத்தில்

காம்பராவில் தெரிந்த வேலை இஸ்தோப்பில் பாதியாகும், வாசலில் கால்வாசியாகும். நாய் மறந்துவிடவில்லை, புது இடத்தில் மணமும் சத்தமும் அதிகம். இடம் மாறும்போது ஒரு படி இறங்கித் தொடங்குங்கள். லயத்துப் பக்கத்தில் தீனி மணத்துக்கு நாலு நாய் கூடிவிடும், அப்போது பழக்கக் கூடாது. தீனிக்கும் பொருளுக்கும் சண்டை வரும்.

மலைநாட்டில் சமதரை அரிது. உருண்டைப் பந்தை எறிந்தால் சரிவில் உருண்டு கானுக்குள் போய்விடும், நாய் அதன் பின்னால் பாதைக்கு இறங்கும். கட்டையும் முடிச்சுப் போட்ட துவாயும் விழுந்த இடத்தில் நிற்கும். மேட்டுப் பக்கமாக எறிந்தால் ஏறும்போது மெதுவாகப் போய், திரும்பும்போது உங்களை நோக்கி இறங்கி வரும். இதில் சரிவே நமக்குத் துணை. நாய்க்குப் பத்து மீற்றர் கயிறு கட்டியிருப்பது நல்லது, இழுப்பதற்கு அல்ல, ஓடிவிடாமல் இருக்க.

தேயிலைக்குள் எறியாதீர்கள். களைநாசினி அடித்த மலையா என்று தெரியாது. பன்றிக்கு வைத்த கம்பிச் சுருக்கு இருக்கலாம். மழைக்காலத்தில் அட்டை நாயின் மூக்குக்குள்ளும் ஏறும். பொழுது சாய்ந்த பிறகு வெளியே பழக்குவது அறவே வேண்டாம். மலைநாட்டுத் தோட்டங்களில் சிறுத்தை நடமாட்டம் உண்டு, நாய் அதற்குச் சுலபமான இரை.

## பிசகும் இடங்கள்

ஆக அதிகமாக வரும் முறைப்பாடு: “எடுக்கிறது, ஆனால் தராமல் ஓடுகிறது.” காரணம் பெரும்பாலும் நாம்தான். பின்னால் துரத்தினோம், துரத்தப்படுவது நாய்க்குத் தீனியைவிடப் பெரிய கூலி. துரத்துவதை நிறுத்தி எதிர்ப்பக்கம் நடங்கள், அல்லது அதே மாதிரி இன்னொரு கட்டையை எடுத்து நீங்களே விளையாடுங்கள். வாயில் இருப்பதைவிட உங்கள் கையில் இருப்பது பெரிதாகத் தெரியும்.

கட்டையை மெல்லுகிறது என்றால் டிக் தாமதமாக விழுகிறது. மெல்லத் தொடங்கும் முன், அசையாமல் பிடித்திருக்கும் அரை நொடிக்குத் திரும்புங்கள். பாதி வழியில் போட்டுவிட்டுத் தீனிக்கு ஓடிவருகிறது என்றால் தூரம் கூடிவிட்டது, அல்லது தீனிப் பை கண்ணில் படுகிறது.

தவறான நொடியில் டிக் விழுந்துவிட்டால்? தீனியைக் கொடுத்துவிடுங்கள். நிறுத்துப் பதிந்த கொழுந்துக்குக் காசு இல்லை என்றால் நாளைக்கு யார் மலைக்குப் போவார்? பிழையான ஒரு கூலி கெடுப்பது கொஞ்சம். பொய்த்துப்போன ஒரு டிக் கெடுப்பது அதிகம்.

காதைத் திருகி, வலிக்கு வாய் திறந்ததும் பொருளைத் திணிக்கும் பழைய முறை ஒன்று வேட்டை நாய் பழக்குபவர்களிடம் உண்டு. அதில் நாய் கவ்வக் கற்கும்தான். கூடவே அந்தப் பொருளையும் அந்தக் கையையும் கண்டால் ஒதுங்கவும் கற்கும். வாசல் நாய்க்கு அது தேவையே இல்லை.

பொருளைக் கவ்வியபடி உடல் விறைத்து உறுமினால் அது விளையாட்டல்ல. பிடுங்காதீர்கள், பிள்ளைகளை விலக்குங்கள், நல்ல தீனியைச் சற்றுத் தள்ளிப் போட்டு மாற்றிக்கொள்ளுங்கள். திரும்பத் திரும்ப நடந்தால் மிருக வைத்தியரிடம் பேச வேண்டும்.

## கிளிக்கரை எப்போது கீழே வைப்பது

காலம் முழுக்க அதைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு திரிய வேண்டும் என்பது இன்னொரு தப்பான எண்ணம். கிளிக்கர் புதிதாகக் கற்பிக்க மட்டும். வாசலில், சொன்ன சொல்லுக்கு, பத்தில் ஒன்பது தரம் கையில் தருகிறது என்றால் அந்த வேலைக்கு அது இனித் தேவையில்லை. தீனியைச் சில தரம் கொடுத்து, சில தரம் இன்னொரு எறிதலையே கூலியாக்கலாம். எறிதலுக்கு ஏங்கும் நாய்க்கு அது கோழியைவிட மேல்.

கட்டைக்குப் பதில் தொப்பி, கையுறை, விழுந்த துணி என்று மாற்ற விரும்பினால் கிளிக்கரை மறுபடி எடுங்கள். மோந்தால் டிக், கவ்வினால் டிக் என்று முதலிலிருந்து வர வேண்டும். ஆனால் முதல் பொருளுக்கு இரண்டு வாரம் எடுத்தது இரண்டாவதற்கு ஒரு மாலைப்பொழுதில் முடியலாம். சாவி போன்ற உலோகப் பொருளை நாய்கள் வாயில் வைக்க விரும்பாது. முதலில் துணி சுற்றிக் கொடுத்து, நாளுக்கு நாள் துணியைக் குறைத்து வாருங்கள். கைபேசியை மட்டும் கேட்காதீர்கள், அதன் கண்ணாடிக்கு நாய்ப் பல் ஆகாது.